ஷானன் கரைக் கவுன்சிலரும் காத்திருப்போர் பட்டியலும்

அக்டோபர் 19, 2025, ஞாயிறு. டப்ளின்

தங்கை மகள் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் செவிலியராக வேலைக்குச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க மாமா" என்று ஆண்டுதோறும் அழைத்துக்கொண்டே இருந்தாள். பேரூராட்சிச் செயல் அலுவலர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் கிளம்ப முடிந்தது. வீட்டு வரி, குடிநீர், குப்பை, தெருவிளக்கு என்றே முப்பது ஆண்டுகளைக் கழித்தவனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் தன் மக்களுக்கு என்ன செய்கிறது, அதற்கான காசு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் முதலில் எழும். ஆகவே பசும்புல் குன்றுகளையும் கடற்பாறைகளையும் எதிர்பார்த்து இந்தக் குறிப்புகளைப் படிக்க வருபவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று ஹென்ரியெட்டா தெருவின் 14ஆம் எண் வீட்டுக்குப் போனோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பிரபுக் குடும்பம் குடியிருக்கக் கட்டிய மாளிகை அது. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அதில் 17 குடும்பங்களாக 100 பேர் வாழ்ந்தார்கள். நுழைகூடத்தின் சுவர்களில் அந்தக் காலத்துச் செங்காவியையும், துணிக்குப் போடும் சலவை நீலத்தையும் அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். அழுக்கை மறைக்கச் செங்காவி, மலிவு என்பதால் நீலம். இதே தெருவில் பல வீடுகளை வாங்கி, அகன்ற மாடிப்படிகளைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்திலும் அறைகளை உண்டாக்கி வாடகைக்கு விட்டவர் ஜோசப் மீட் என்பவர். 1890களில் டப்ளின் நகரின் மேயராக இருந்தவரும் அவரேதான். குடிசைவாசிகளுக்கு வீட்டுக்காரராகவும் அவர்களது நகரத்துக்குத் தலைவராகவும் ஒருவரே இருந்தால் புகார் மனுவை யாரிடம் கொடுப்பது என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டேன்.

அதே மாநகராட்சிதான் 1932இல் ஹெர்பர்ட் சிம்ஸ் என்ற கட்டடக் கலைஞரை வீட்டுவசதிக்கென நியமித்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாடு வறுமையில் இருந்த அந்தப் பதினாறு ஆண்டுகளில் அவர் பொறுப்பில் சுமார் 17,000 குடியிருப்புகள் எழுந்தன. இப்போது நாடு செல்வத்தில் மிதக்கிறது. வீடின்றி அவசரத் தங்குமிடங்களில் இருப்போர் எண்ணிக்கையோ இந்த ஆண்டு 16,000ஐத் தாண்டிவிட்டது. இந்த இரண்டு எண்களையும் நாட்குறிப்பில் அடுத்தடுத்த வரிகளில் எழுதிக்கொண்டேன். புதன்கிழமை ஒரு கவுன்சிலரைச் சந்திக்கப் போகிறேன். அவரிடம் கேட்பதற்கு இதுவே முதல் கேள்வி.

அக்டோபர் 20, திங்கள். டப்ளின்

காலை ஏழு மணிக்கு ஜன்னலோரம் காப்பியுடன் உட்கார்ந்திருந்தேன். ஒரு குப்பை வண்டி வந்து, எதிர்வரிசையில் நான்கு வீட்டுத் தொட்டிகளை மட்டும் கவிழ்த்துக்கொண்டு போனது. அரைமணி கழித்து வேறு நிறத்தில், வேறு நிறுவனத்தின் வண்டி வந்து இடையிலிருந்த வீடுகளின் தொட்டிகளை எடுத்தது. டப்ளின் மாநகராட்சி 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு வீட்டுக் குப்பை அள்ளுவதை நிறுத்திவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு வீடும் தனக்குப் பிடித்த தனியார் நிறுவனத்தோடு தனியாக ஒப்பந்தம் செய்துகொள்கிறது. ஒரே தெருவுக்கு இரண்டு, மூன்று வண்டிகள் டீசலை எரித்துக்கொண்டு வருவதைப் போட்டி என்கிறார்கள். இதற்கு முன்பே 2003இல் குப்பைக் கட்டணத்தை எதிர்த்து மறியல் செய்ததற்காக ஜோ ஹிக்கின்ஸ் என்ற சோஷலிச நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு மாதம் சிறைக்குப் போயிருக்கிறார். குப்பைக்காக ஒரு மக்கள் பிரதிநிதி சிறை சென்ற வரலாறு என் போன்ற ஆளுக்குத்தான் சுவையாக இருக்கும். தங்கை மகள் கொட்டாவி விட்டாள்.

அவளுடைய ஆறு வயதுப் பையனுக்கு மதியம் காய்ச்சலும் காதுவலியும் வந்தன. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2023 முதல் குடும்ப மருத்துவரிடம் கட்டணம் கிடையாது. பெரியவர்கள், வருமானம் குறைந்தோருக்கான மருத்துவ அட்டை இல்லையென்றால், ஒரு முறை போய்வர 60 யூரோ அளவுக்குக் கொடுக்க வேண்டும். எனவே அலைபேசியை எடுத்தவுடன் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்காவது முயற்சியில்தான் இணைப்பே கிடைத்தது. புதன்கிழமை பிற்பகலுக்கு முன் நேரம் இல்லை, மிக அவசரம் என்றால் மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்கள். மருத்துவரின் கடிதமில்லாமல் அவசரப் பிரிவுக்குப் போனால் 100 யூரோ. வார்டில் நாளெல்லாம் பிறருடைய காய்ச்சலைக் கவனிப்பவள், தன் பிள்ளைக்குப் பாராசிட்டமால் சிரப்பை அளந்து ஊற்றிவிட்டு, "இலவசந்தான் மாமா, ஆனா கிடைக்கணுமே" என்றாள்.

அக்டோபர் 21, செவ்வாய். டப்ளினிலிருந்து லிமெரிக்

பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதால் கிளம்பினேன். ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த நால்வரில் மூவர் பயணச்சீட்டுக்குப் பதிலாக ஓர் அட்டையைக் காட்டினார்கள். 66 வயதைத் தாண்டிய எவரும், கோடீசுவரரானாலும் கூலிக்காரரானாலும், பேருந்திலும் ரயிலிலும் இலவசமாகப் பயணம் செய்யலாம் என்ற இந்த ஏற்பாடு 1967இல் தொடங்கியது. வருமானச் சான்று கேட்காத சலுகை இது. சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போட்டே கை தேய்ந்தவன் என்பதால் இதன் அருமை எனக்கு நன்றாகவே புரிந்தது.

லிமெரிக்கிலிருந்து சில கல் தொலைவில், ஷானன் ஆற்றைத் திருப்பி விட்டுக் கட்டிய ஆர்ட்னக்ரஷா நீர்மின் நிலையத்தைச் சாலையிலிருந்து பார்த்தேன். விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகள் ஆன, உள்நாட்டுப் போரில் களைத்துப்போன ஓர் ஏழை நாடு, தன் ஆண்டு வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு ஈடான தொகையை ஒதுக்கி 1925இல் இதைத் தொடங்கி, 1929இல் திறந்துவிட்டது. ஜெர்மானிய சீமென்ஸ் நிறுவனம் கட்டியது. ஆனால் மின்சாரத்தை விநியோகிக்க 1927இலேயே அரசு தனக்கென்று ஒரு மின் வாரியத்தை ஏற்படுத்திக்கொண்டது. கட்டுமானக் கூலிகளுக்கு வாரத்துக்கு 32 ஷில்லிங் போதுமென்று தீர்மானித்து, வேலைநிறுத்தத்தையும் சந்தித்தது என்பது இந்தப் பெருமிதக் கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி.

அக்டோபர் 22, புதன். ஷானன் கரையில் ஒரு சிற்றூர்

தங்கை மகளுடன் பணிபுரியும் பெண்ணின் தந்தை கவுன்சிலர். எந்தக் கட்சியையும் சேராதவர், வயது எழுபது. தன் பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்றார். அடுக்களை மேசையில் சோடா ரொட்டியும் வெண்ணெயும் கருந்தேநீரும் வைத்துவிட்டு, நான் ஞாயிறன்று எழுதி வைத்த இரண்டு எண்களையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, தாம் எப்படிப் பள்ளிக்கூடம் போனார் என்பதிலிருந்து ஆரம்பித்தார்.

1966 செப்டம்பரில், லிமெரிக்கைச் சேர்ந்த கல்வி அமைச்சர் டோனா ஓ'மாலி, நிதித் துறையிடம் முறைப்படி ஒப்புதல் வாங்காமலே, எல்லோருக்கும் இலவச மேல்நிலைக் கல்வி என்று ஒரு பத்திரிகையாளர் கூட்டத்தில் அறிவித்துவிட்டார். அறிவித்த பின் பின்வாங்க அரசுக்கு வழியில்லாமல் போயிற்று. மறு ஆண்டே நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டத்தில் கட்டணம் மட்டும் நீங்கவில்லை, கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பேருந்தும் வந்தது. அந்த முதல் பேருந்தில் ஏறிய பன்னிரண்டு வயதுப் பையன்களில் இவரும் ஒருவர். இரண்டு வயது மூத்த அக்கா அதற்குள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அக்காவுக்குத்தான் தம்மைவிடக் கணக்கு நன்றாக வரும் என்றார். ஒரே வீடு, ஒரே மேசை, இரண்டு வாழ்க்கை. இடையில் இருந்தது ஒரு பேருந்துதான் என்று சொல்லிவிட்டு, பொருளாதார நியாயம் என்பதைத் தாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை என்றார்.

அவருடைய வாதத்தின் சாரம், நாட்டில் பணம் இல்லை என்பதல்ல. பணத்தைச் செலவழிக்கத் தெரிந்த கை அரசிடம் இல்லாமல் போய்விட்டது என்பதுதான். ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்த பிறகு, ஆப்பிள் நிறுவனத்திடமிருந்து வட்டியோடு சுமார் 1,400 கோடி யூரோ வரிப் பாக்கி அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பணம் தனக்கு வேண்டாம் என்று எட்டு ஆண்டுகள் நிறுவனத்தின் பக்கம் நின்று வழக்காடியதும் இதே அரசுதான் என்பதைச் சொல்லும்போது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நிறுவன வரியில் பாதிக்கும் மேற்பட்டதைப் பத்தே பெருநிறுவனங்கள் கட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனங்கள். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு மாட்டின் பால்தான் வருமானம் என்றால், அந்த மாடு நிற்கும்போதே கூரையை மாற்றிவிட வேண்டாமா என்பது அவர் கேள்வி.

கூரையை மாற்றும் ஆட்கள் எங்கே போனார்கள் என்பதை அவர் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டி விளக்கினார். 1970களில் கவுண்டி (மாவட்ட) மன்றத்தின் சொந்தக் கொத்தனார்களும் தச்சர்களும் ஒரு வரிசை வீடுகளின் முன் நிற்கும் படம் அது. 1975இல் நாட்டில் கட்டிய வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உள்ளாட்சிகள் கட்டியவை. 1978இல் வீட்டு வரியை அடியோடு ஒழித்தார்கள். தேர்தலில் அது வாக்கு வாங்கிக் கொடுத்தது, உள்ளாட்சிகளோ அன்று முதல் டப்ளினை நோக்கிக் கையேந்தத் தொடங்கின. சாலை, தண்ணீர், வீடு என்று ஒவ்வொன்றாக வேலை கைமாறியது. 2014இல் 80 நகர மன்றங்களைக் கலைத்தார்கள். இன்று எஞ்சியிருப்பவை 31 உள்ளாட்சிகள், 949 உறுப்பினர்கள். நாட்டின் பொதுச் செலவில் உள்ளாட்சிகள் வழியே செல்வது பத்து சதவீதத்துக்கும் குறைவு. அன்றாட நிர்வாக அதிகாரம் முழுவதும் நியமிக்கப்பட்ட தலைமை நிர்வாகியிடம் இருக்கிறது. லிமெரிக்கில் மட்டும் 2024 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர் உண்டு. முதல் மேயரான ஜான் மோரன் முன்பு நிதித் துறையின் செயலாளராக இருந்தவர் என்பது ஒரு நல்ல முரண். தீர்மானம் போடலாம், கேள்வி கேட்கலாம், ஆனால் ஒரு தெருவிளக்கை நட வேண்டுமென்றால் கடிதம்தான் எழுத வேண்டும் என்று கவுன்சிலர் சொன்னபோது, ஒரு காலத்தில் அத்தகைய கடிதங்களைப் பெற்றுக்கொள்ளும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குச் சற்றே கூச்சமாக இருந்தது.

வீடு கட்டாத அரசு வாடகை கொடுக்கிறது. 2014இல் வந்த ஹாப் என்ற உதவித்தொகையின்படி, வசதியற்ற குடும்பத்தின் வாடகையில் பெரும்பகுதியை உள்ளாட்சி நேராகத் தனியார் வீட்டுக்காரருக்குச் செலுத்துகிறது. குடும்பம் ஒரு சிறு பங்கைக் கொடுக்கிறது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படி இருக்கின்றன. வீட்டுக்காரர் விற்க நினைத்த நாளில் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். இத்தனை ஆண்டு கொடுத்த பணத்தில் அரசுக்கு ஒரு செங்கல்கூட மிஞ்சாது.

மருத்துவமனை பற்றி அவர் பேசியது அதிகம், நான் குறித்துக்கொண்டது கொஞ்சம். எனிஸ், நீனா ஆகிய ஊர்களில் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கிய அவசரப் பிரிவுகளை 2009இல் மூடி, எல்லாவற்றையும் லிமெரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில் குவித்தார்கள். ஒரே இடத்தில் நிபுணர்கள் இருப்பதே பாதுகாப்பு என்பது அதற்குச் சொன்ன காரணம். கொள்கையளவில் அது தவறும் அல்ல. மூடியது உடனே நடந்தது, அதற்கு ஈடான படுக்கைகள்தான் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. நடைவழியில் தள்ளுபடுக்கைகளில் கிடப்போரைச் செவிலியர் சங்கம் நாள்தோறும் எண்ணி வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் லிமெரிக் அடிக்கடி முதலிடம். பாதி மக்கள் தனியார் காப்பீடு வைத்திருக்கிறார்கள் என்றால், அது ஆடம்பரத்துக்காக அல்ல, வரிசையில் முன்னால் போவதற்காகத்தான் என்றார். வருமானத்தை அல்ல, தேவையைப் பார்த்து வைத்தியம் என்று எல்லாக் கட்சிகளும் கூடி 2017இல் ஸ்லான்சகேர் என்ற பத்தாண்டுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டன. பத்தாண்டில் எட்டு முடிந்துவிட்டது.

தண்ணீரில்தான் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. 2014இல் குடிநீர்க் கட்டணத்துக்கு எதிராக நாடே தெருவில் இறங்கியபோது இவர் மீட்டர் பதிக்க வந்தவர்களை மறித்து நின்றவர். கட்டணத்தை நிறுத்தி, வாங்கியதையும் 2017இல் திருப்பிக் கொடுத்தார்கள். வெற்றிதான், ஆனால் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்றும் குழாயிலேயே கசிகிறது. மாதம் சிறு தொகையாவது கட்டுபவருக்குத்தான் குழாய் உடைந்தால் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போடும் துணிவு வரும் என்பது என் அனுபவம். சொன்னேன். வரி கட்டுபவர் எல்லோரும் ஏற்கெனவே கட்டியாயிற்று, ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே கட்டணம் எப்படி நியாயம் என்று அவர் கேட்டார். அப்படியானால் மனைமதிப்பைப் பார்த்து வாங்கும் சொத்து வரியை உயர்த்தலாமே, 2013 முதல் அது இருக்கிறதே, உறுப்பினர்களே கூட்டவும் குறைக்கவும் முடியுமே என்றேன். அவர் சிறிது நேரம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஒரு தேர்தல் ஆண்டில் குறைப்பதற்குத் தாமும் கை தூக்கியதாக ஒப்புக்கொண்டார்.

நேற்று இரவு டப்ளினுக்குத் தென்மேற்கே, புகலிடம் கோருவோர் தங்கியிருக்கும் சிட்டிவெஸ்ட் விடுதிக்கு வெளியே கலவரம் மூண்டு, காவல்துறை வேன் ஒன்று எரிந்ததைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். கோடையில் இந்தியர்கள் சிலர் தாக்கப்பட்ட பிறகு தங்கை மகள் இரவுப் பணி முடிந்து தனியாக நடந்து வருவதில்லை. கவுன்சிலர் ஒலியைக் குறைத்துவிட்டு, வரிசையை நீளவிட்டவர்கள் டப்ளினில் இருக்கிறார்கள், அடி வாங்குவது வரிசையில் கடைசியாக வந்து நின்றவர் என்றார். அந்த நேரத்தில் எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை. பிறகு யோசித்தால், வேனுக்குத் தீ வைத்தவன் எந்த வரிசையிலும் நிற்காதவனாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 23, வியாழன். அதே ஊர்

அயர்லாந்தில் அரசியல்வாதிகள் மக்களைச் சந்திப்பதற்குக் கிளினிக் என்றே பெயர். மாலை ஆறு மணிக்கு ஊர்ப் பொதுக்கூடத்தின் பக்கத்து அறையில் ஒரு மடக்கு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு கோடு போட்ட நோட்டு. நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம் நினைவுக்கு வந்தது. இங்கே கூட்டமில்லை, டோக்கனில்லை, வந்தவர்கள் ஒன்பது பேர். சம்மதம் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

இரண்டு பேர் சாலைப் பள்ளம். ஒருவர் வயதான தாய்க்கு வீட்டு உதவியாளர் நேரம் ஒதுக்கப்பட்டும் ஆள் வராதது. இளம் பெண்ணொருத்தி கைக்குழந்தையுடன் வந்தாள். வீட்டுக்காரர் விற்கப் போவதாகக் கொடுத்த நோட்டீஸை நெகிழி உறையில் போட்டு, மடிப்பு விழாமல் பாதுகாத்து வைத்திருந்தாள். உள்ளாட்சி வீட்டுக்கான காத்திருப்போர் பட்டியலில் பதிந்து ஏழு ஆண்டுகள். கவுன்சிலர் நோட்டீஸை முழுவதும் படித்து, தேதிகளை நோட்டில் எழுதி, முகவரியில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதைக் கவனித்து, வாடகைக் குடியிருப்பு வாரியத்தில் அதைக் கேள்வி கேட்க முடியுமா என்று விசாரிப்பதாகச் சொன்னார். வீடு தருவதாகச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு ஒன்று கேட்டேன். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைக் கவுன்சிலர் கடிதம் எழுதித்தான் பெற வேண்டுமென்றால், சேவை கெட்டுப்போவதில் கவுன்சிலருக்கும் ஒரு லாபம் இருக்கிறது அல்லவா? இந்தக் கேள்விக்காகவே என்னை இந்த அறைக்கு அழைத்து வந்ததாகச் சொன்னார். தம்முடைய வாக்குகளில் பாதி சாலைப் பள்ளத்திலிருந்து வந்தவை என்றும் சொல்லிவிட்டு, நாற்காலிகளை மடக்கினார்.

அக்டோபர் 24, வெள்ளி. கால்வே

லிமெரிக்கிலிருந்து கால்வேக்குச் செல்லும் ரயில் பாதை, பயணிகள் வண்டி நின்றுபோய்ப் பல ஆண்டுகள் கிடந்து, உள்ளூர்க்காரர்கள் விடாமல் போராடியதால் 2010இல் மீண்டும் திறந்த ஒன்று. இன்று குடியரசுத் தலைவர் தேர்தல். கம்பங்களில் கேத்தரின் கானலி, ஹெதர் ஹம்ஃப்ரிஸ் ஆகியோரின் முகங்கள். போட்டியிலிருந்து விலகிய ஜிம் கேவினின் பெயரும் வாக்குச்சீட்டில் இருக்கிறது.

கானலி இந்த ஊர்க்காரர். ஷாண்டல்லா என்ற பகுதியின் மாநகராட்சி வீடுகளில், பதினான்கு பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்தவர். 1999இல் நகர மன்றத்தில் நுழைந்து, 2004இல் மேயராகி, 2016இல் கட்சி சாராமல் நாடாளுமன்றத்துக்குச் சென்றவர். கால்வேயில் 2009க்குப் பிறகு பல ஆண்டுகள் மாநகராட்சி ஒரு வீடும் கட்டவில்லை என்பதையும், ஹாப் தனியார் வீட்டுக்காரர்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதையும் அவையில் ஓயாமல் சொல்லி வந்தார். நேற்று முன்தினம் கவுன்சிலர் சொன்னதும் இதேதான்.

ஷாண்டல்லாவில் ஒரு மணி நேரம் நடந்தேன். சாம்பல் நிறச் சுவர், இரண்டு மாடி, முன்னால் கையகலத் தோட்டம் என்று அடக்கமான வீடுகள். ஒரு வீட்டு வாசலில் பழைய குழந்தை வண்டியில் ஜெரேனியம் வளர்த்திருந்தார்கள். பல வீடுகளைக் குடியிருந்தவர்களே வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்; அப்படி விற்றதால் ஒரு தலைமுறை நிமிர்ந்தது, மாநகராட்சியின் கையிருப்பு கரைந்தது. இரண்டும் உண்மை.

அக்டோபர் 25, சனி. டப்ளின்

மாலையில் முடிவு வந்தது. கானலிக்கு 63 சதவீதம். செல்லாத வாக்குகள் மட்டும் இரண்டு லட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேல்; வேண்டுமென்றே சீட்டைக் கெடுத்தவர்கள் அவர்களில் ஏராளம். அவர்கள் எந்த வரிசையில் நிற்பவர்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தால் நல்லது. அயர்லாந்தின் குடியரசுத் தலைவருக்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு சென்ட்டைக்கூட மாற்றும் அதிகாரம் இல்லை. பேசலாம், சட்டத்தை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம்.

பையன் தேறிவிட்டான். கவுன்சிலருக்கு வாழ்த்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: திங்கள் விடுமுறை என்பதால் அலுவலகங்கள் செவ்வாய்க்கிழமைதான் திறக்கும், நோட்டீஸ் விஷயமாக எழுதிய கடிதம் அதுவரை மேசையில்தான் கிடக்கும், அடுத்த கிளினிக் வியாழன் ஆறு மணிக்கு.